டீசல் டிரக்கின் கியர்பாக்ஸ் வெப்பம்: கேஜ் வாங்குவது, பொருத்துவது, படிப்பது

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள டீசல் டிரக்கில் டிரெய்லர் இழுக்கத் தொடங்கியிருக்கிறீர்கள், ஒரே ஒரு கேஜ்தான் கூடுதலாக வாங்க முடியும் என்றால், டர்போ அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் கேஜை ஒதுக்கிவிட்டு கியர்பாக்ஸ் ஆயில் வெப்பத்தைக் காட்டும் கேஜை வாங்குங்கள் என்பேன். எஞ்சின் சூடேறினால் பல வழியில் சொல்லிவிடும். டேஷ்போர்டில் முள் ஏறும், ஃபேன் சத்தம் மாறும், ரேடியேட்டர் பக்கமிருந்து வாடை வரும். கியர்பாக்ஸ் அப்படி இல்லை. ஆயில் கருகிக்கொண்டிருக்கும்போதும் வண்டி வழக்கம்போல ஓடும். கியர் வழுக்குவது காலுக்குத் தெரிகிற நாளில் உள்ளே கிளட்ச் பிளேட்டுகளின் கதை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

கம்பெனி வைத்துத் தந்த முள் இருக்கிறதே என்று கேட்கலாம். சில டிரக்குகளில் அது எண்ணை ஒளிக்காமல் காட்டும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் எண்களைப் படிப்பது பற்றிய பகுதிக்கே நேராகப் போகலாம். பல வண்டிகளில் வெறும் எச்சரிக்கை விளக்கு மட்டும்தான். இன்னும் சிலவற்றில் முள் இருக்கும், ஆனால் பெரிய வெப்ப வீச்சு முழுவதற்கும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். ஓட்டுபவர் பதற வேண்டாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. சுமை இழுப்பவருக்கு அது உதவாது.

கேஜில் தெரியும் எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. சென்சார் எந்த இடத்து ஆயிலில் நனைந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் எண்ணுக்குப் பொருள் வரும். 120 டிகிரி செல்சியஸ் என்பது ஓரிடத்தில் சில நொடிகளுக்குச் சாதாரணம். இன்னோரிடத்தில் அதே எண் வண்டியை ஓரங்கட்டச் சொல்கிறது. ஆகவே கேஜைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் சென்சாருக்கு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

கீழே வரும் எண்களைச் செல்சியஸில் தருகிறேன். டிரக் கேஜுகள் பல பாரன்ஹீட்டில் வருவதால் அதையும் அடைப்புக்குள் சேர்க்கிறேன்.

வெப்பம் எங்கே பிறக்கிறது

கியர்பாக்ஸ் சூட்டில் பெரும்பகுதி டார்க் கன்வர்ட்டரில் உருவாகிறது. எஞ்சினோடு சுற்றும் பக்கம் ஆயிலை வீசுகிறது, கியர்பாக்ஸோடு இணைந்த பக்கம் அந்த ஆயிலால் தள்ளப்பட்டுச் சுற்றுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாதவரை, அந்த வேக வித்தியாசத்தில் வீணாகும் சக்தி முழுக்க ஆயிலில் சூடாக இறங்குகிறது. டீசல் எஞ்சின் குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே பெரிய டார்க்கைத் தருவதால், கனமான டிரெய்லரோடு மேட்டில் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது கன்வர்ட்டருக்குள் நடப்பது சாதாரண சூடேற்றம் அல்ல. சில நொடிகளில் ஆயில் பல டிகிரி ஏறிவிடும்.

வேகம் பிடித்ததும் கன்வர்ட்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச் பிடித்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுற்றும். வழுக்கல் இல்லை, அதனால் சூடும் சட்டென்று குறைகிறது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் கேஜ் காட்டும் ஏற்ற இறக்கத்தில் பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

கன்வர்ட்டரிலிருந்து வெளியேறும் சூடான ஆயில் ஒரு குழாய் வழியாகக் கூலருக்குப் போகிறது. பல டிரக்குகளில் முதலில் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர், பிறகு முன்னால் காற்று படும் தனிக் கூலர். குளிர்ந்த ஆயில் திரும்பி வந்து உள்ளே இருக்கும் பாகங்களுக்கு மசகாகி, கடைசியில் கீழே இருக்கும் ஆயில் தொட்டியில், அதாவது பானில் விழுகிறது. அங்கிருந்து பம்ப் மறுபடி உறிஞ்சுகிறது. ஆக, ஒரே கியர்பாக்ஸுக்குள் ஒரே நேரத்தில் குறைந்தது மூன்று வெவ்வேறு வெப்பநிலைகள் இருக்கின்றன.

சென்சாருக்கு இடம்

பான்: இங்கே தெரிவது கியர்பாக்ஸ் முழுவதன் சராசரி. பம்ப் உறிஞ்சி கிளட்ச்சுகளுக்கு அனுப்பப் போவது இந்த ஆயிலைத்தான் என்பதால், பாகங்கள் எதில் குளிக்கின்றன என்பதை இந்த எண் சொல்கிறது. மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். எச்சரிக்கை தாமதமாக வரும், ஆனால் வந்தால் நம்பலாம்.

கூலருக்குப் போகும் சூடான குழாய்: கன்வர்ட்டரின் நாடித்துடிப்பு இங்கேதான் தெரியும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உடனே முள் பாயும், லாக்கப் பிடித்ததும் விழும். அதிகச் சுமை இழுப்பவருக்கு இதைப்போல முன்கூட்டியே சொல்லும் இடம் வேறில்லை. ஆனால் பழகும்வரை பயமுறுத்தும்.

பிரஷர் டெஸ்ட் போர்ட்: பல கியர்பாக்ஸ்களின் உடம்பில் பிரஷர் சோதிப்பதற்காக 1/8 அங்குல என்.பி.டி. மரையோடு (குழாய் இணைப்புகளுக்கான சிறுத்துவரும் மரை) ஒரு துளை இருக்கும், ஒரு பிளக் போட்டு அடைத்திருப்பார்கள். பானைக் கழற்ற வேண்டாம், குழாயை வெட்ட வேண்டாம், பிளக்கை எடுத்துவிட்டு சென்சாரை மாட்டிவிடலாம். சுலபம் என்பதால் பலர் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அங்கே ஆயில் ஓடாது, முட்டுச்சந்து போல நிற்கும். அதனால் காட்டும் எண் கியர்பாக்ஸ் உடம்பின் சூட்டோடு கலந்துதான் வரும், ஏற்ற இறக்கமும் தாமதமாகும். வருடக்கணக்கில் ஒரே வண்டியின் போக்கை ஒப்பிட இது போதும். வேறு வண்டியோடு எண்ணுக்கு எண் ஒப்பிடுவதற்கு ஆகாது.

கூலரிலிருந்து திரும்பும் குழாயில் மட்டும் சென்சார் வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். குளிர்ந்த பிறகு ஆயில் எப்படி இருக்கிறது என்றுதான் அது சொல்லும். கூலர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டாவது சென்சாராக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

புதியவருக்கு என் சிபாரிசு பான். எப்போதும் கனமான டிரெய்லர், மலைப்பாதை என்று ஓட்டுபவர் சூடான குழாயிலும் ஒன்று வைத்து, இரண்டையும் ஒரே கேஜில் சுவிட்ச் போட்டு மாற்றிப் பார்க்கலாம். இரண்டு சென்சாரும் அந்தக் கேஜுக்கு உரியவையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த மாதிரி கேஜ்

மெக்கானிக்கல் கேஜில் மின்சாரம் இல்லை. மெல்லிய குழாய் ஒன்று சென்சார் குமிழிலிருந்து கேஜ்வரை முழு நீளத்துக்கு வரும். துல்லியமானது, ஆனால் அந்தக் குழாயை வெட்டி ஒட்ட முடியாது, மடிந்தால் கேஜே போய்விடும். கியர்பாக்ஸிலிருந்து கேபினுக்குள் அதைக் கொண்டுவருவது தொல்லை. பெரும்பாலோருக்கு எலெக்ட்ரிக் கேஜே சரி. ஒரு ஒயர் கீழே போகும், சென்சாரின் மின்தடை மாறுவதை வைத்து முள் நகரும்.

எலெக்ட்ரிக் கேஜ் வாங்கும்போது கேஜையும் சென்சாரையும் ஒரே செட்டாக வாங்குங்கள். எந்த வெப்பத்துக்கு எத்தனை ஓம் என்ற கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். பழைய கேஜுக்கு வேறு கம்பெனி சென்சாரை மாட்டினால் முள் அழகாக நகரும், எண் மட்டும் பொய்யாக இருக்கும். வேலை செய்யாத கேஜை விட இது ஆபத்து.

அளவுகோலின் மேல் எல்லையையும் பாருங்கள். 140 டிகிரி (280) வரை மட்டும் காட்டும் கேஜ் பானுக்குப் போதும். சூடான குழாய்க்கு 160 டிகிரிக்கு (320) மேல் காட்டுவது வேண்டும், இல்லாவிட்டால் முக்கியமான நேரத்தில் முள் கடைசியில் முட்டி நிற்கும். நாமே எண் வைத்து அலாரம் அடிக்கச் செய்யும் வசதி இருந்தால் தயங்காமல் வாங்கலாம். கண் சாலையில் இருக்க வேண்டிய நேரத்தில்தான் வெப்பம் ஏறும்.

மூன்றாவது வழி, ஓ.பி.டி. சாக்கெட்டில் (கோளாறு பார்க்க வண்டியின் கம்ப்யூட்டரோடு இணையும் இடம்) செருகும் திரைகள். கம்பெனியின் சொந்த சென்சார் தரும் எண்ணை அவை எடுத்துக் காட்டும். ஒரு துளைகூடப் போட வேண்டாம். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் புதிய டிரக்குகளுக்கு இதுவே நல்ல தொடக்கம். கியர்பாக்ஸ் வெப்பத்துக்கான தகவல் குறியீடு கம்பெனிக்குக் கம்பெனி வேறாக இருப்பது வழக்கம் என்பதால், உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் அந்தத் திரை அதைப் படிக்குமா என்று வாங்கும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். கம்பெனி சென்சார் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். அது தெரியாமல் எண்ணை வைத்துக்கொண்டு பயனில்லை.

கேஜை உட்கார வைக்கும் இடம் பற்றி ஒரு எச்சரிக்கை. கண்ணாடியை ஒட்டிய முன் தூணில் பாட் (கேஜ் உட்காரும் கூடு) வைத்து 52 மில்லிமீட்டர் கேஜுகளை அடுக்குவது டிரக்காரர்களின் வழக்கம். உங்கள் வண்டியில் பக்கவாட்டு கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் அந்தத் தூணைத் தொடாதீர்கள். பை விரியும் வழியை பாட் மறிக்கும், அல்லது கேஜே முகத்தை நோக்கிப் பறக்கும். டேஷ்போர்டின் மேல் வைக்கும் பாட் கிடைக்கும், அதை வாங்குங்கள்.

பொருத்தும் முன் கொதிநீர் சோதனை

கேஜ் வந்ததும் நேராக வண்டிக்கு அடியில் போகாதீர்கள். மேசையில் வைத்து பேட்டரியோடு இணையுங்கள். சென்சாரின் நுனியைக் கொதிக்கும் தண்ணீரில், பாத்திரத்தின் அடியைத் தொடாமல் பிடியுங்கள். ஒற்றை ஒயர் சென்சார் என்றால் அதன் உடம்பே எர்த் என்பதால், உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு ஒயர் தனியாகக் கொடுக்க வேண்டும். கடல்மட்டத்தில் கேஜ் 100 டிகிரி (212) காட்ட வேண்டும். உயரமான ஊர் என்றால் சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸ் குறைத்துக் கணக்கிடுங்கள். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வண்டியில் வைத்துக்கொண்டால் போதும். பத்து டிகிரி தவறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பானில் பொருத்துவது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, தூக்க வேண்டியிருந்தால் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. டீசல் டிரக்குகளில் பலவற்றில் இரண்டு பேட்டரி இருக்கும். ஒன்றின் நெகட்டிவை மட்டும் கழற்றினால் மின்சாரம் நிற்காது, இரண்டையும் கழற்றுங்கள். ஆயில் கைபொறுக்கும் சூட்டுக்கு இறங்கும்வரை பொறுத்திருங்கள்.

பானில் டிரைன் போல்ட் இல்லாத வண்டிகள் நிறைய. அப்படியானால் பெரிய தட்டை அடியில் வைத்து, ஒரு மூலையைச் சுற்றியுள்ள போல்ட்டுகளை மட்டும் எடுத்து, மற்றவற்றைத் தளர்த்தி விடுங்கள். பான் அந்த மூலையில் சாய்ந்து ஆயில் அங்கிருந்து ஒழுகும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் ஆயில் நான்கு பக்கமும் கொட்டி, கை முழங்கைவரை நனையும்.

கழற்றிய பானின் உள்ளே காந்தம் ஒன்று ஒட்டியிருக்கும். அதில் படிந்திருப்பதை விரலால் தேய்த்துப் பாருங்கள். மை போலச் சாம்பல் நிறத்தில் மெத்தென்று இருந்தால் வழக்கமான தேய்மானம். ஊசி போலக் குத்தும் துகள்களோ பளபளக்கும் சீவல்களோ இருந்தால், கேஜ் பொருத்துவதை ஒத்திவைத்து கியர்பாக்ஸை முதலில் கவனியுங்கள்.

சந்தையில் கிடைக்கும் ஆழமான அலுமினியப் பான்கள் பலவற்றில் 1/8 என்.பி.டி. துளை மரையோடு தயாராக இருக்கும். டிரைன் போல்ட்டும் கிடைக்கும், ஆயிலும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். செலவு செய்ய முடிந்தால் இதுதான் சுத்தமான வழி. பழைய இரும்புப் பானிலேயே வைப்பதென்றால் துளையிட்டு மரையுள்ள ஒரு புஷ்ஷை வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங்கைப் பானைக் கழற்றி, ஆயில் பிசுக்கு போகக் கழுவிய பிறகே செய்ய வேண்டும். வெல்டிங் சூட்டில் பானின் விளிம்பு வளைந்திருக்கிறதா என்று கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பாருங்கள். வளைந்த விளிம்பு எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

துளைக்கு இடம் பார்ப்பதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். பானின் பக்கச்சுவரில், எஞ்சின் ஓடும்போது உள்ள ஆயில் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பானின் அடிப்பகுதிக்கு மிக அருகில் போனால் கல் அடித்து சென்சார் உடையும். உள்ளே ஃபில்டரிலும், ஆயில் பாதைகளைத் திறந்து மூடும் வால்வு பாடியிலும் முட்டக் கூடாது. இதற்கு ஒரு நல்ல வழி: சென்சாரை மாட்டி அதன் நுனியில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி, பானை கேஸ்கெட்டோடு தற்காலிகமாகத் தூக்கி வைத்து இரண்டு போல்ட் போட்டுப் பாருங்கள். மறுபடி இறக்கும்போது களிமண் நசுங்கியிருந்தால் எவ்வளவு இடைவெளி பற்றவில்லை என்று கண்ணுக்கே தெரியும். பிறகு களிமண்ணையும் இரும்புத் தூளையும் ஒரு பொட்டுகூட விடாமல் கழுவித் துடையுங்கள்.

என்.பி.டி. மரை நுனியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே வரும், ஆப்பு போலப் போய் இறுகும். கையால் திருகி நின்ற பிறகு ஸ்பேனரால் ஒன்றரை முதல் இரண்டு சுற்று போதும். அலுமினியத்தில் அதற்கு மேல் பலம் காட்டினால் விரிசல் விடும். ஒற்றை ஒயர் சென்சாருக்கு டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றிப் போடாதீர்கள், எர்த் தடைபட்டு எண் குறைவாகக் காட்டும். மரைக்கான திரவ சீலன்டைக் கொஞ்சமாக, முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுப் பூசுங்கள்.

பான் போல்ட்டுகள் சின்னவை. எதிரெதிராக, சிறிது சிறிதாக, மேனுவல் சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். ஆயில் ஊற்றும்போது உங்கள் கியர்பாக்ஸுக்கு உரிய ரகமாக இருக்கட்டும். நிறம் ஒன்றுபோல இருப்பதால் எல்லாம் ஒன்றல்ல. உதாரணமாக, டாட்ஜ் ராம் டிரக்கின் 48ஆர்இ கியர்பாக்ஸ் கேட்பது ஏ.டி.எஃப். பிளஸ் 4, ஃபோர்டின் ஐந்து கியர் டார்க்‌ஷிஃப்ட் கேட்பது மெர்கான் எஸ்.பி.

சூடான குழாயில் பொருத்துவது

இரண்டு குழாய்களில் எது போகிறது, எது திரும்புகிறது என்று ஊகிக்காதீர்கள். மேனுவலில் பாருங்கள், பிறகு வண்டியிடமே கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஹேண்ட்பிரேக்கோடு நியூட்ரலில் ஓடவிட்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை இரண்டு குழாயின் ரப்பர் பகுதியிலும் மாற்றி மாற்றிக் காட்டுங்கள். முதலில் சூடேறுவது போகும் குழாய். ரப்பரில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பளபளக்கும் உலோகத்தில் அந்தத் தெர்மாமீட்டர் சரியான எண்ணைக் காட்டாது.

இங்கே பயன்படுத்துவது டீ ஃபிட்டிங். ஆயில் நேராக ஓடும் பாதையில் சென்சாரின் நுனி நனைய வேண்டும். கிளைக்குள் சென்சார் ஒளிந்துகொண்டால் நின்றுபோன ஆயிலின் சூட்டைத்தான் காட்டும், நிஜத்தைவிடக் குறைவாக இருக்கும். அதே நேரம் நுனி பெரிதாக இருந்து பாதையை அடைத்தால் கூலருக்குப் போகும் ஆயிலே குறையும். குழாயின் உள்விட்டத்துக்குக் குறையாத ஃபிட்டிங்கை வாங்குங்கள்.

இந்த இடத்தில் கசிவு என்பது பானில் சொட்டுவது போன்றதல்ல. பம்ப் முழு ஆயிலையும் இந்தக் குழாய் வழியாகத் தள்ளுகிறது. இணைப்பு விட்டுப்போனால் கொஞ்ச நேரத்தில் கியர்பாக்ஸ் காலியாகும், சூடான சைலன்சர் குழாயில் ஆயில் பட்டால் தீப்பிடிக்கும். சாதாரண ரப்பர் ஹோஸ், சாதாரண கிளாம்ப் என்று ஒப்பேற்றாதீர்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்று உள்ள ஹோஸ் போடுங்கள். குழாய் வேலையில் கை பழகாதவர் இந்த ஒரு பகுதியை மட்டும் மெக்கானிக்கிடம் கொடுப்பது நல்லது.

ஒயரிங்

எலெக்ட்ரிக் கேஜுக்குப் பொதுவாக நான்கு இணைப்புகள்: சாவி போட்டால் மட்டும் வரும் 12 வோல்ட், எர்த், டேஷ்போர்டு விளக்கு, சென்சார். 12 வோல்ட்டை ஃபியூஸ் பாக்ஸிலிருந்து ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இடத்தில் செருகி மின்சாரம் எடுக்கும் இணைப்பு) வழியாக எடுங்கள், கேஜ் தாளில் சொன்ன ஆம்பியரில் தனி ஃபியூஸ் இருக்கட்டும். எர்த்துக்குப் பெயின்ட் சுரண்டிய சுத்தமான உலோகம் வேண்டும். ஹெட்லைட் போட்டதும் முள் ஆடினால் எர்த் சரியில்லை என்று அர்த்தம்.

கீழே போகும் ஒயரை சைலன்சர் குழாய், பிராப்பல்லர் ஷாஃப்ட், கியர் லிவர் கம்பி இவற்றிலிருந்து தள்ளி, நெளிகுழாய்க்குள் விட்டு, ஏற்கெனவே உள்ள ஒயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். கேபினுக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு நாளடைவில் ஒயரை அறுத்துவிடும். சென்சாருக்கு அருகில் ஒயரை இறுக்கமாக விடாமல் கொஞ்சம் தளர்வாக வளைத்து விடுங்கள், கியர்பாக்ஸ் அசையும்.

பேட்டரியை இணைத்துவிட்டு ஒரு சின்னச் சோதனை. பெரும்பாலான சென்சார்களில் சூடேற ஏற மின்தடை குறையும். அந்த வகை என்றால், சாவி போட்டு சென்சார் ஒயரைக் கழற்றினால் முள் அடியில் கிடக்க வேண்டும். ஒயர் நுனியை ஒரு கணம் எர்த்தில் தொட்டால் மேலே பாய வேண்டும். டிஜிட்டல் கேஜ் என்றால் தாளில் அனுமதித்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியருக்கும் ஒருமுறை மாற்றி, மேனுவல் சொல்லும் நிலையில் ஆயில் மட்டம் பாருங்கள். குறைவாக இருந்தாலும் சூடேறும், அதிகமாக இருந்தாலும் ஆயில் நுரைத்துச் சூடேறும். சென்சார் சுற்றியுள்ள இடத்தைத் துடைத்துவிட்டு, ராத்திரி முழுக்க அடியில் அட்டை விரித்து வைத்துக் காலையில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்களைப் படிப்பது

முதல் சில நாட்கள் டிரெய்லர் இல்லாமல் ஓட்டுங்கள். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் எவ்வளவு, நெரிசலில் எவ்வளவு, குளிரான நாளில் எவ்வளவு என்று எழுதிவையுங்கள். உங்கள் வண்டியின் இயல்பு தெரிந்தால்தான் அது மாறும்போது தெரியும். வேறொருவர் வண்டியின் எண் இதற்கு உதவாது.

பானில் 70 முதல் 93 டிகிரி (160 முதல் 200) நல்ல இடம். 105 டிகிரியைத் (220) தொட்டால் காலைத் தளர்த்துங்கள், கீழ்க் கியருக்கு வாருங்கள். 120 டிகிரியை (250) நெருங்கினால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துங்கள். சூடான குழாயில் 120 டிகிரி சில நொடிகள் தெரிந்து விழுவது சுமையோடு கிளம்பும்போது நடக்கக்கூடியதே. அங்கே 135 டிகிரிக்கு (275) மேல் ஏறி இறங்காமல் நின்றால்தான் நிறுத்த வேண்டும். உங்கள் மேனுவல் வேறு எல்லை சொன்னால் மேனுவலே சரி.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் ஆயிலின் வேதியியல். பட்டறைகளில் நெடுங்காலமாக ஒரு கணக்கு உண்டு: 80 டிகிரிக்கு (175) மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் (20 பாரன்ஹீட்) ஆயிலின் ஆயுள் பாதியாகும். அது பழைய மினரல் ஆயிலுக்கு எழுந்த கணக்கு. சிந்தெடிக் ஆயில் கூடுதலாகத் தாங்கும், ஆனால் போகும் திசை அதேதான். 115 டிகிரியைத் தாண்டினால் உள்ளே வார்னிஷ் போலப் படிய ஆரம்பிக்கும். அதற்கும் மேலே ரப்பர் சீல்கள் இறுகும், பிரஷர் கசியும், கிளட்ச் வழுக்கும், அந்த வழுக்கலே இன்னும் சூட்டைக் கிளப்பும்.

குளிரிலும் கவனம் வேண்டும். முள் ஏறாத நிலையில் டிரெய்லரோடு ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதீர்கள். கெட்டியான ஆயில் போக வேண்டிய இடத்துக்குத் தாமதமாகப் போகும்.

முள் ஏறும்போது

மேட்டில் ஏறும்போது வெப்பம் உயர்ந்தால் பலர் ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதித்து மேட்டைச் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறார்கள். செய்ய வேண்டியது கீழ்க் கியரைப் போட்டு, எஞ்சினை ஆர்.பி.எம். கூடுதலாகச் சுற்றவிட்டு, வேகத்தைக் குறைப்பது. லாக்கப் பிடித்திருக்கும் கியரில் மெதுவாக ஏறுவது, லாக்கப் விட்டுவிட்டுப் பிடிக்கும் கியரில் வேகமாக ஏறுவதைவிட எவ்வளவோ மேல். சுமை இழுக்கும்போது கியர் மாற்றத்தைச் சீராக்கும் டோ ஹால் பட்டன் இருந்தால் மேட்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள். கியர் மேலும் கீழும் அலைவது நிற்கும்.

மிக மோசமான சூடு நெடுஞ்சாலையில் வருவதில்லை. டிரெய்லரை மேட்டில் பின்னோக்கித் தள்ளும்போது வருகிறது. ரிவர்ஸில் லாக்கப் கிடையாது, காற்றும் கூலரில் படாது. நான்கு சக்கர ஓட்டம் உள்ள டிரக் என்றால், மண் அல்லது புல் தரையில் லோ ரேஞ்சில் போட்டுத் தள்ளுங்கள், கன்வர்ட்டரின் பாரம் நன்றாகக் குறையும். கெட்டியான தார்ச்சாலையில் வளைத்துத் திருப்பும்போது மட்டும் இது வேண்டாம், சக்கரங்கள் இழுபடும்.

நிறுத்திய பிறகு எஞ்சினை உடனே அணைக்காதீர்கள். அணைத்தால் பம்ப் நிற்கும், கூலருக்கு ஆயில் போகாது. ஹேண்ட்பிரேக் போட்டு நியூட்ரலில் வைத்து 1000 முதல் 1200 ஆர்.பி.எம்.மில் ஓடவிடுங்கள். முள் தன் இயல்பான இடத்துக்கு வருவதைக் கண்ணால் பார்க்கலாம். பார்க்கில் போடாமல் நியூட்ரல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கம்மின்ஸ் எஞ்சினோடு வந்த டாட்ஜ் ராம் டிரக்குகளின் 47ஆர்இ, 48ஆர்இ கியர்பாக்ஸ்களில், வால்வு பாடியை மாற்றியமைக்காதவரை, பார்க்கில் கன்வர்ட்டருக்கும் கூலருக்கும் ஆயில் போகாது. பார்க்கில் போட்டுவிட்டு ஆறட்டும் என்று காத்திருந்தால் ஆறவே ஆறாது.

கேஜ் காட்டிக்கொடுக்கும் கோளாறுகள்

சமதளத்தில், சுமையில்லாமல், ஒரே வேகத்தில் போகும்போதே வெப்பம் ஏறிக்கொண்டிருந்தால் லாக்கப் பிடிக்கவில்லையோ என்று சந்தேகப்படுங்கள். ஆக்ஸிலரேட்டரை அசைக்காமல் வைத்து, பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். லாக்கப் பிடித்திருந்தால் அது விட்டுக்கொடுத்து ஆர்.பி.எம். கொஞ்சம் ஏறும், காலை எடுத்ததும் இறங்கும். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் லாக்கப் முதலிலிருந்தே பிடிக்கவில்லை. பின்னால் வண்டி இல்லாத காலிச் சாலையில் செய்யுங்கள்.

மாதக்கணக்கில் முள் நிற்கும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்ந்தால், கூலருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் புழுதியும் பூச்சியும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும், அடைப்பு இடுக்கில் இருக்கும். பிறகு ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கருத்துப்போய்க் கருகிய வாடை அடித்தால் அந்த ஆயில் போதுமான அளவு உழைத்துவிட்டது.

சூடான குழாய்க்கும் திரும்பும் குழாய்க்கும் இடையில் வித்தியாசமே இல்லை என்றால் கூலர் ஆற்றவில்லை. எஞ்சின் தண்ணீரும் கியர்பாக்ஸும் சேர்ந்தே ஏறினால் ஃபேன் கிளட்ச்சைப் பாருங்கள். முள் ஒரே கணத்தில் மேல் எல்லைக்குப் பாய்ந்தால் பதற வேண்டாம். ஆயில் அப்படி ஏறாது, சென்சார் ஒயர் எங்கோ தோல் உரிந்து உடம்பில் படுகிறது. முள் அடியிலிருந்து எழவே இல்லை என்றால் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது சென்சாருக்கு எர்த் இல்லை.

ஆயில் குச்சியில் இளஞ்சிவப்புப் பால் மாதிரி தெரிந்தால் கேஜ் என்ன காட்டினாலும் வண்டியை எடுக்காதீர்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி, கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போயிருக்கிறது. கூலன்ட் பட்ட கிளட்ச் பிளேட்டுகளின் ஒட்டுப் பசை விட்டுவிடும். ஓட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று நினைக்காமல், நின்ற இடத்திலிருந்தே ரெக்கவரி வண்டிக்குச் சொல்லுங்கள்.